காலம் அளந்த ஊர் – 17: நாற்பத்தெட்டு மாதச் சக்கரம்

2024 பிப்ரவரி 28, புதன்கிழமை. அன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி. பெசன்ட் நகர் வரசித்தி விநாயகர் கோயிலிலிருந்து அருகம்புல்லும் அர்ச்சனைத் தட்டுமாக ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். விரதம் இருந்தவர்கள் மொட்டை மாடிகளில் நின்று கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்பிறை நிலா, தாமதமாகத்தான் வரும். ஒன்பதரை மணிவாக்கில் அது எலியட்ஸ் கடற்கரைக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் எழுந்தபோது, நான் போயிருந்த வீட்டில் மாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விரதத்தை முடிக்க உள்ளே போனார்.

நானும் அவருடைய கணவரும் வேறொரு நிலாவைப் பார்க்கக் காத்திருந்தோம். அது சாப்பாட்டு மேஜையில், ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் மேல் இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஐடபிள்யூசி நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘டாவின்சி’ வகைக் கைக்கடிகாரம். சார் சரக்குக் கப்பல்களில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பல வருடச் சேமிப்பில் வாங்கிய கடிகாரம் அது. டயலின் மேல் பாதியில் நீல வானத்தில் ஒரு பொன் நிலா. சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் கிழமை, தேதி, மாதம். இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு ஜன்னல், அதற்குள் நான்கு இலக்கத்தில் வருடம்: 2024.

“சாதாரண வாட்ச் இன்னைக்கு ராத்திரி சரியாத்தான் 29 காட்டும். அதுக்குப் போன வருஷமும் இந்த வருஷமும் ஒண்ணுதான். இது போன வருஷம் 28-லேர்ந்து நேரே மார்ச் ஒண்ணுக்குப் போச்சு. இன்னைக்கு 29-ல நிக்கும். யாரும் அதுக்குச் சொல்லலை” என்றார் சார்.

பன்னிரண்டு நெருங்க நெருங்க, தேதி முள் மெல்ல நகரத் தொடங்கியது. கிழமை முள்ளும் கூடவே. எல்லாம் நகர்ந்து முடிந்தபோது தேதி வட்டத்தில் 29. அவர் மூச்சை விட்டார். அந்த முள் அந்த இடத்துக்கு இந்த மாதத்தில் மறுபடி வர இன்னும் நான்கு வருடம் ஆகும்.

சென்ற வாரம் நுங்கம்பாக்கத்தில் இருந்தோம். 1792-இல் எழுந்த வானாய்வுக்கூடத்தையும் அதன் கருங்கல் தூணையும் பார்த்தோம். இந்திய ரயில்களையெல்லாம் ஓட்டிய ‘மெட்ராஸ் டைம்’ 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரத்துக்கு வழிவிட்டதையும் பார்த்தோம். அது மணியின் கதை. இந்த வாரம் தேதியின் கதை. மணியை அளப்பதைவிடத் தேதியை அளப்பது கடினம். அதைச் சட்டைக்கையின் அடியில் அடங்குகிற இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது எப்படி, இந்த ஊர் அதே வேலையை இயந்திரம் இல்லாமல் எப்படிச் செய்தது என்பதைச் சொல்லத்தான் பெசன்ட் நகரில் தொடங்கினேன்.

பள்ளம் சொல்லும் கணக்கு

தேதி காட்டும் சாதாரணக் கடிகாரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். ஆகவே வருடத்துக்கு ஐந்து முறை, 31 இல்லாத ஒவ்வொரு மாதத்தின் முடிவிலும், நாம்தான் திருகித் தள்ளிவிட வேண்டும். இதைத் தானாகவே செய்வதுதான் பெர்பெச்சுவல் காலண்டர், அதாவது நிரந்தர நாட்காட்டி. 1760-களிலேயே லண்டனில் தாமஸ் மட்ஜ் என்ற கடிகாரக் கலைஞர் சட்டைப்பைக் கடிகாரத்தில் இதைச் செய்துகாட்டிவிட்டார்.

அதன் சூட்சுமம் ஒரு சக்கரத்தில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒரே ஒரு முறை சுற்றும் சக்கரம். அதன் விளிம்பில் 48 இடங்கள், மாதத்துக்கு ஒன்று. 31 நாள் மாதம் என்றால் அந்த இடத்தில் விளிம்பு முழு உயரத்தில் இருக்கும். 30 நாள் என்றால் கொஞ்சம் பள்ளம். 28 நாள் பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். லீப் வருடப் பிப்ரவரிக்கு அதைவிடச் சற்றே ஆழம் குறைந்த பள்ளம். 48-ஐயும் எண்ணிப் பார்த்தால் 28 மேடு, 16 சிறு பள்ளம், 3 ஆழ்பள்ளம், அந்த ஒரே ஒரு தனிப் பள்ளம். ஒரு நெம்புகோல் தன் மூக்கை இந்த விளிம்பில் வைத்து, குருடர் விரலால் தடவிப் படிப்பதுபோல் ஆழத்தைப் படிக்கிறது. மூக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, மாதக் கடைசியில் தேதிச் சக்கரத்தை அத்தனை நாள் கூடுதலாகத் தள்ளுகிறது. சில கடிகாரங்களில் 12 மாதச் சக்கரம் இருக்கும். பிப்ரவரிக்கு மட்டும் அதன்மேல் தனியாக ஒரு குட்டிச் சக்கரம் சுழலும். தத்துவம் ஒன்றுதான்.

1,461 நாட்களின் நினைவு ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகத் துண்டில் செதுக்கப்பட்டிருக்கிறது. தலைமயிர் கனத்துக்குப் பிசகினாலும் பிப்ரவரியும் ஏப்ரலும் குழம்பிவிடும். இந்தக் கடிகாரங்களின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சாரின் கடிகாரத்தை உருவாக்கியவர் கர்ட் கிளாஸ். அதுவரை இவ்வகைக் கடிகாரம் நின்றுபோனால், உறையின் விளிம்பில் இருக்கும் குட்டிப் பொத்தான்களை ஊசிபோன்ற குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்தித் தேதி, கிழமை, மாதம், நிலா என்று தனித்தனியே சரிசெய்ய வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்றுவரை தொடவே கூடாது. பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் நேரம் அது, அழுத்தினால் உடையும். கிளாஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து, ஒரே சாவித் திருகுக்குள் கொண்டுவந்தார். சுமார் 80 பாகங்களில் அந்த அதிசயம். ஒரு நாள் தள்ளினால் எல்லாமும் ஒரு நாள் போகும்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னே தள்ளலாம், பின்னே இழுக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் சார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடிகாரம் மூன்று வாரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தது. வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைத் திருக உட்கார்ந்தார். கை நடுக்கத்தில் ஒரு நாள் கூடுதலாகத் திருகிவிட்டார். “அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். “என்ன செய்யறது? நிறுத்தி வெச்சிட்டு நாளைக்காக உட்கார்ந்திருந்தேன். நாள் அதுகிட்ட வந்து சேர்ந்ததும் ஓட விட்டேன்.”

சாந்தோமுக்கும் கோட்டைக்கும் பத்து நாள்

அந்த 48 மாதச் சக்கரத்தில் செதுக்கியிருப்பது யாருடைய கணக்கு? நான்கு வருடத்துக்கு ஒரு நாள் கூட்டும் வழக்கம் ஜூலியஸ் சீசர் காலத்து ரோமாபுரியினுடையது. அது சூரியனைவிடக் கொஞ்சம் மெதுவாக நடந்ததால் நூற்றாண்டுகள் போகப்போக நாட்கள் சேர்ந்துவிட்டன. 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி அதைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. இனிமேல் 100-ஆல் வகுபடும் வருடங்கள், 400-ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் என்று விதி வந்தது.

போர்ச்சுகல் உடனே ஏற்றுக்கொண்டது. போப்பின் உத்தரவை இங்கிலாந்து ஏற்கவில்லை. இந்தச் சண்டை நம் ஊருக்கும் வந்தது. 1640-இல் ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, தெற்கே சில மைல் தள்ளிச் சாந்தோமில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். மயிலாப்பூர்க் கரையில் ஒரு தேதி; அதே கடலின் ஓரமாக நடந்து கோட்டைக்குப் போனால் அங்கே பத்து நாள் முந்தைய தேதி. கிழமை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. வித்தியாசம் அதற்குள் 11 நாளாகியிருந்தது. மூன்று வருடம் கோட்டை போப்பின் நாட்காட்டியில் வாழ்ந்தது. 1749-இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியதும் கோட்டையின் தேதியும் பின்னுக்குப் போயிற்று. 1752-இல் இங்கிலாந்தே மனம் மாறி, செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று அறிவித்த பிறகுதான் இந்தக் குழப்பம் ஓய்ந்தது.

அந்தக் குழப்பத்தின் நடுவில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் வருடத்தின் பெயர், தமிழ் மாதம், தமிழ்த் தேதி எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பியர் இருவரும் ஆளுக்கொரு தேதி சொன்ன காலத்தில், இந்தக் கரையின் மக்களுக்குத் தேதி பிசகவே இல்லை. அவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1925

முதன்முதலில் கையில் கட்டப்பட்ட நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் ஜெனீவாவின் படேக் பிலிப் செய்தது. இயந்திர எண் 97975. அந்த இயந்திரம் 1898-இலேயே ஒரு பெண்மணி கழுத்தில் அணியும் பதக்கக் கடிகாரத்துக்காகச் செய்யப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, 1925-இல்தான் அதைக் கைக்கடிகார உறைக்குள் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து தாமஸ் எமரி என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். இன்று ஜெனீவாவில் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வரிசையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது 1941-இல். அதில் 1518 என்ற மாதிரி, நிரந்தர நாட்காட்டியோடு நிறுத்துக் கடிகாரத்தையும் சேர்த்தது. 1954 வரை மொத்தம் 281-தான் செய்தார்கள். பெரும்பாலும் தங்கம். எஃகு உறையில் இன்றுவரை தெரியவந்தவை நான்கே நான்கு. அதில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குப் போயிற்று. ஏலத்தில் ஒரு கைக்கடிகாரத்துக்கு அதுவரை கிடைத்திராத விலை. தங்கத்தை எஃகு தோற்கடித்தது அபூர்வத்தால்.

அடுத்து வந்த 2499 என்ற மாதிரியை முப்பது வருடத்துக்கும் மேலாகச் செய்தும் 349-ஐத் தாண்டவில்லை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனுக்கு அவருடைய 40-ஆவது பிறந்தநாளையொட்டி, 1980-இல், மனைவி யோகோ ஓனோ கொடுத்தது அந்த மாதிரியைத்தான். இரண்டு மாதத்தில் லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். பிப்ரவரியை அறிந்த அந்தக் கடிகாரத்தில் ஒரு பிப்ரவரியைக்கூட அவர் பார்க்கவில்லை. பின்னாளில் அது திருடுபோய், கைமாறி, வழக்காகி, ஓனோதான் உரிமையாளர் என்று 2024-இல் ஸ்விட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

மறுபடி 1925-க்கு வருகிறேன். அந்த வருடம் சென்னைக்கும் முக்கியமானது. டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபை தன் பொன்விழாவை ஆலமரத்தடியில் கொண்டாடியது. தலைவி அன்னி பெசன்ட்டுக்கு அப்போது 78 வயது. சபைத் தோட்டத்துக்குத் தெற்கே, பிற்காலத்தில் அவர் பெயரைச் சூடப்போகும் பெசன்ட் நகர் அன்றைக்கு ஊராகவில்லை. அந்த விழாவுக்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில், சென்னைச் சட்டசபையின் தலைவராக இருந்த திவான் பகதூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை காலமானார். ஜெனீவாக்காரர்கள் நான்கு வருட நாட்காட்டியை உறைக்குள் வைத்த அதே வருடம், ஆயிரத்து நூறு வருட நாட்காட்டியைத் தாளில் வைத்துவிட்டு அவர் போனார்.

சோழிகளில் ஒரு கிரகணம்

அதைப் புரிந்துகொள்ள இன்னும் நூறு வருடம் பின்னே போக வேண்டும். 1825-இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூல் அச்சாயிற்று. எழுதியவர் ஜான் வாரன். நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் 1805 முதல் 1811 வரை பொறுப்பு வகித்தவர், பிரெஞ்சுக்காரர். தென்னிந்தியர் காலத்தை எப்படிப் பகுக்கிறார்கள் என்பதே நூலின் பொருள்.

அந்த வருடம் மே 31 இரவு ஒரு சந்திர கிரகணம். புதுச்சேரியில் வசித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம் வாரன் அதைக் கணிக்கச் சொன்னார். அவர் தாள் கேட்கவில்லை, எழுதுகோல் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். எண்களுக்குப் பதிலாகச் சோழிகளை வரிசை வரிசையாக வைத்தார். வாய் எதையோ முணுமுணுக்க, கை சோழிகளைக் கூட்டியும் எடுத்தும் நகர்த்தியது. வாய்ப்பாடு முழுவதும் அவர் நினைவில் இருந்தது. கிரகணத்தின் தொடக்கத்துக்கு அவர் சொன்ன நேரம் 4 நிமிடம்தான் விலகியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. உலகின் பழங்கால வானியலை ஆராய்ந்த ஆட்டோ நியூகபவர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதக் காரணம் இந்த மனிதர்தான். பஞ்சாங்கக்காரர் மனத்தில் வைத்திருந்த 248 நாள் கணக்கு, பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும் இருப்பதை நியூகபவர் எடுத்துக்காட்டினார்.

அந்த 248 என்ன? பூமிக்கு அருகில் வரும்போது நிலா வேகமாக ஓடும், தொலைவில் மெதுவாக. ஒருமுறை அருகில் வந்ததிலிருந்து மறுமுறை வருவதற்குச் சுமார் 27 நாள் 13 மணி. இப்படி ஒன்பது சுற்று முடிந்தால் ஏறக்குறைய முழுசாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்று ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். மிஞ்சும் சிறு பிழையைத் தீர்க்க 3,031 நாள், 12,372 நாள் என்று பெரிய சுற்றுகள். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, எண்களைச் சொற்களாக்கி, சொற்களை வாக்கியங்களாக்கி மனனம் செய்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

நெம்புகோலின் மூக்கு 48 இடங்களைத் தடவிப் படிக்கிறது. அந்தப் பஞ்சாங்கக்காரரின் நாக்கு 248 வாக்கியங்களைத் தடவிப் படித்தது. இரண்டும் ஒரே யோசனை. காலத்தின் ஒழுங்கை ஒருமுறை கண்டுபிடித்து, அதை எங்காவது செதுக்கி வை. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்குப் போடாதே. இந்த முறையின் மூலநூலான ‘வாக்கிய கரணம்’ அச்சேறியதும் இந்தத் தென்சென்னையில்தான். டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து, மயிலாப்பூர் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் வெளியிட்டது. நம் தாத்தாக்கள் பார்த்த ‘பாம்புப் பஞ்சாங்கம்’ வாக்கிய வழி வந்தது என்பது நமக்குத் தெரியும். அதன் அடியில் இத்தனை நுட்பம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனிக்கு 31 நாள் 36 நாழிகை

தமிழ் மாதத்தை ஏன் இப்படி ஒரு சக்கரத்தில் செதுக்க முடியாது என்று சார் கேட்டார். பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் நேரம். வாக்கியக் கணக்கில் ஆனிக்கு 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆனியில் சூரியன் மெதுவாக நகர்வதுபோல் தெரிவதால் அது நீண்ட மாதம். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம் அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே மாதப் பிறப்பு, பின்னால் என்றால் மறுநாள். எனவே ஆனி ஒரு வருடம் 31, இன்னொரு வருடம் 32. நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறாமல் திரும்பும் வரிசை இங்கே இல்லை. ஆங்கில வருடத்தைவிட நம் வருடம் சுமார் 23 நிமிடம் நீளம். அதனால்தான் ஏறக்குறைய 62 வருடத்துக்கு ஒரு நாள் என்று சித்திரை ஒன்று ஏப்ரலுக்குள் முன்னே நகர்கிறது.

நிலாவின் திதி இன்னும் நுட்பம். சில திதி 19 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில 26 மணி நேரத்துக்கும் மேல் நீளும். கடிகாரத்தின் நிலாத் தட்டு இந்த ஏற்றத்தாழ்வை அறியாது. எளிய நிலாக் கடிகாரங்களில் 59 பற்கள். மாதத்துக்கு 44 நிமிடம் முந்தும். டாவின்சியில் அதைத் திருத்தி 122 வருடத்துக்கு ஒரு நாள் பிழை என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனாலும் அது சராசரி நிலா. அன்று மாமி மாடியில் நின்று கும்பிட்ட சதுர்த்தி நிலா, வாக்கியங்கள் நாள்நாளாகப் பின்தொடர்ந்த நிலா.

மனப்பாடத்துக்கும் பிழை சேரும். அதைத் திருத்த முயன்றவரும் நம் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்தான். சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் தெரிவதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி அதே வருடம் டிசம்பர் 20. இரண்டு நாளிலும் கோயில்களில் கூட்டம்.

ஆயிரத்து நூறு வருட நாட்காட்டியைத் தாளில் வைத்த சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1865-இல் பிறந்தவர், கத்தோலிக்கர். ‘இந்தியக் காலக்கணிதம்’ பற்றிய அவருடைய முதல் நூல் 1911-இல் வந்தது. 1922-இல் வந்த ‘இந்தியன் எபிமெரிஸ்’ கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் முடியும் நேரம் அனைத்தையும் வரிசையாக அச்சிட்டது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான நாட்கள். கணிப்பொறி கிடையாது.

இதன் பயன் என்ன? ஒரு கல்வெட்டு மன்னனின் ஆட்சியாண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று சொல்லும், ஆங்கில வருடம் சொல்லாது. இவை ஐந்தும் ஒன்றாகப் பொருந்தும் நாள் எது என்று அந்தத் தொகுதிகளில் தேடினால் பிடிபடும். சோழர் காலத்து எத்தனையோ நாட்களுக்கு நாம் இன்று தேதி சொல்ல முடிகிறதென்றால், அந்தத் தேடலை எளிதாக்கியதில் பிள்ளையின் பங்கு பெரிது. பரிபாடல் ஒன்றில் வரும் கிரக நிலைக்கு அவர் கி.பி. 634 ஜூன் 17 என்று நாள் குறித்தார். தமிழறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுப்பவரும் அவர் வகுத்த அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டுதான் மறுக்க வேண்டியிருந்தது.

2100 மார்ச் 1

நிரந்தரம் என்ற பெயருக்கு இந்தக் கடிகாரங்கள் முழுத் தகுதி பெற்றவையா? 1900 லீப் இல்லை, 2000 லீப். 2100 லீப் இல்லை. 48 மாதச் சக்கரத்துக்கு இது தெரியாது. 2100 பிப்ரவரி 28 முடிந்ததும் அது 29 என்று காட்டும். அன்று உண்மையில் மார்ச் 1. உலகத்தில் உள்ள பெரும்பாலான நிரந்தர நாட்காட்டிக் கடிகாரங்களை அன்று யாராவது கைவைத்துத் திருத்த வேண்டும். 400 வருட விதியையும் அறிந்த கடிகாரத்தை ஐடபிள்யூசி 2024-இல் வெளியிட்டது. அதில் 400 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரு சக்கரம் உண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை காத்திருக்க வேண்டியவைதான்.

டாவின்சியின் வருட ஜன்னலிலும் ஒரு காத்திருப்பு உண்டு. நூற்றாண்டைக் காட்டும் பட்டையில் 19, 20, 21 மட்டுமே. 2200 பிறக்கும்போது மாற்றிக்கொள்ள, 22, 23, 24 என்று எழுதிய இன்னொரு பட்டையைக் கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, வாங்கும்போதே கூடக் கொடுத்தார்கள். சார் அதைக் காட்டினார். அரிசியை நீட்டினாற்போல் ஒரு துணுக்கு. அதைப் பொருத்தப்போகிறவரின் தாத்தாவுக்குத் தாத்தாகூட இன்னும் பிறந்திருக்க மாட்டார்.

அந்தக் குழாயைப் பார்த்தபோது எனக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் நினைவுக்கு வந்தார். அவருடைய 248 வாக்கியங்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு இன்னொருவர். எங்காவது ஒரு தலைமுறையில் ஒருவர் சோம்பியிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். எஃகும் தங்கமும் வாக்கியமும் அட்டவணையும் தாமாக நிற்பதில்லை. ஒருவர் சரிபார்த்து அடுத்தவர் கையில் வைக்கும்வரைதான் எதுவும் நிரந்தரம். ஏலத்தில் கோடிகளைத் தொடும் கடிகாரங்களிடம் நான் மதிப்பது, நூறு வருடம் கழித்து வரப்போகும் ஒரு கையை நம்பி அவற்றைச் செய்திருக்கிறார்கள் என்பதை. அதே மதிப்பு நம் வாக்கியங்களுக்கும் சுவாமிக்கண்ணுவின் தொகுதிகளுக்கும் உண்டு. அவற்றுக்கு ஏலம் இல்லை என்பதால் நாம் அவற்றைக் கைவிட்டுவிடக் கூடாது.

கடிகாரப் பெட்டியின் மூடிக்குள் சார் ஒரு சீட்டு வைத்திருந்தார். பேத்திக்கு எழுதியது. ‘2100 மார்ச் 1, திங்கட்கிழமை. காலையில் ஞாபகமாகத் திருத்தவும்.’ பேத்திக்கு அப்போது ஆறு வயது.

“தமிழ்த் தேதி என்ன வரும்னு சொல்லுங்க, அதையும் எழுதிடறேன்” என்றார்.

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாள் இருந்தது: சோபகிருது வருடம், மாசி 16. அந்த மாசி பிறந்தது பிப்ரவரி 13 மாலை. அதிலிருந்து எழுபத்தாறு நம் வருடங்களைக் கூட்டினேன். மாசிப் பிறப்பு பிப்ரவரி 14 காலைக்கு நகர்கிறது. அஸ்தமனத்துக்கு முன்னால், ஆகவே அன்றே மாசி 1. விரல்விட்டு எண்ணினால் மார்ச் 1-க்கு மாசி 16. அறுபது வருடச் சுற்றில் அது சித்தார்த்தி.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டில் இருந்த வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்: ‘சித்தார்த்தி வருடம், மாசி 16.’ மை காயும்வரை ஊதிவிட்டு, மடித்து, மறுபடி மூடிக்குள் வைத்தார்.

(அடுத்த வாரம்: மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸின் மணிக்கூண்டு.)